தீவுக்குப் போகிறீர்களா, விடுதிக்கா?

கரீபியத் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போகும் நம்மவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். டொரன்டோ, நியூயார்க், லண்டன் ஆகிய ஊர்களிலிருந்து நேர் விமானம் இருப்பதால் செயின்ட் லூசியாவின் பெயர் கல்யாண வீட்டுப் பேச்சில்கூடக் காதில் விழுகிறது. வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் அந்தத் தீவில் வாழ்ந்தவன் என்பதால், கிளம்புவதற்கு முன் பலர் என்னிடம் யோசனை கேட்பார்கள். கேட்கும்போதே முக்கால்வாசி முடிவாகியிருக்கும். நீச்சல் தெரியாத தம்பதி ஆழ்கடல் முக்குளிப்புக்குப் பணம் கட்டியிருப்பார்கள். தோழி ஒருத்தி போட்ட புகைப்படம்தான் காரணம். மாடிப்படி ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் மாமனாரை மலை உச்சிக்கு அழைத்துப்போகத் திட்டம் இருக்கும். புத்தகமும் காட்டுவழி நடையும் என்றால் உயிரை விடும் பெண்ணை, அவள் அண்ணன் குடும்பம் போகிறது என்பதற்காக, ஏழு இரவும் ஒரே விடுதியின் குளக்கரையில் உட்காரவைக்க ஏற்பாடு நடக்கும். சேமித்துச் சேமித்து எடுக்கும் விடுமுறை அது. அதை ஊர் வாய்க்கும் உறவினர் வாய்க்கும் ஒப்புக்கொடுப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தீவின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். 617 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறக்குறைய 1,80,000. வடக்கிலிருந்து தெற்கே 43 கிலோமீட்டர்தான் நீளம். வரைபடத்தைப் பார்த்து, அரை நாளில் சுற்றிவிடலாம் என்று நினைப்பார்கள். முடியாது. எரிமலைகள் எழுப்பிய தீவு அது. சாலை முழுவதும் ஏற்றமும் இறக்கமும் கொண்டை ஊசி வளைவும். பெரிய விமானங்கள் இறங்கும் ஹெவனோரா நிலையம் தென்கோடியில் இருக்கிறது. விடுதிகள் மிகுந்த ரோட்னி பே வடகோடியில். இறங்கியதும் ஒன்றரை மணி நேரமாவது வண்டிப் பயணம் உண்டு. வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிடுங்கள். ஆக, என்ன செய்வது என்ற கேள்விக்கு முன்னால் எங்கே தங்குவது என்ற கேள்வி வந்துவிடுகிறது. வடக்கில் படுத்துக்கொண்டு தெற்கைப் பார்க்க நினைப்பவர்களின் நாள்கள் வண்டியிலேயே கழியும்.

கடற்கரையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கடலில் குளிக்காமல் யாரும் திரும்பப்போவதில்லை. நினைவில் வைக்க வேண்டியவை சிலதான். மேற்குக் கரை கரீபியக் கடலைப் பார்த்தது, அமைதியானது. கிழக்குக் கரை அட்லான்டிக்கைப் பார்த்தது, அங்கே அலையும் உள்ளிழுப்பும் கடுமை, குளிக்க ஏற்றதல்ல. 2011 முதல் சர்காசம் என்ற கடற்பாசி கிழக்குக் கரையில் பல மாதங்களில் குவிந்து அழுகி நாறுகிறது. விலை மலிவு என்று அந்தப் பக்கம் அறை எடுப்பவர்கள் அதையும் விசாரித்துக்கொள்ளட்டும். கரையோரத்தில் சின்ன ஆப்பிள் போலக் காய்க்கும் மான்சினீல் மரம் இருக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசியிருப்பார்கள். அதன் பழம் நஞ்சு, பால் பட்டால் தோல் கொப்பளிக்கும்; மழைக்குக்கூட அதன் அடியில் ஒதுங்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பவளப்பாறை மீன்களைப் பார்க்க ஆன்ஸ் ஷஸ்தனே கடற்கரையே போதும். கரையிலிருந்து சில எட்டு நீந்தினாலே பாறை தொடங்கிவிடும். நீந்தத் தெரியாதவர்கள் மிதவைச் சட்டை இல்லாமல் இறங்க வேண்டாம்.

படகுப் பயணமும் அப்படித்தான். ரோட்னி பேயிலிருந்து மேற்குக் கரை வழியாகத் தெற்கே சூஃப்ரியேர் என்ற ஊர் வரை பாய்மரப் படகில் போய் வரலாம். சாலை வளைவுகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல வழி. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவே தண்டனை. உங்கள் வயிறு உங்களுக்குத் தெரியும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆல்-இன்க்ளூசிவ் விடுதி.

ஒரே தொகையைக் கட்டிவிட்டால் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குடி, குளம், இரவு ஆட்டம் எல்லாம் அடக்கம். கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டை இருக்கும்வரை பணப்பையைத் தொட வேண்டாம். ‘தலைவலி இல்லை’ என்பதுதான் இதைப் பரிந்துரைப்பவர்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தை. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும், நடக்க முடியாத பெற்றோரை அழைத்துப்போகிறவர்களுக்கும், ஆண்டு முழுவதும் இரவுப்பணி பார்த்து உடம்பு தூக்கத்துக்கு ஏங்குகிறவர்களுக்கும் அது பொருந்தும். அவர்கள் தாராளமாகப் போகட்டும். மற்றவர்கள் ஏன் போகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். அந்தத் தொகையில் கணிசமான பங்கு மதுவுக்கு. நம் வீடுகளில் அம்மாவும் அத்தையும் பிள்ளைகளும் குடிப்பதில்லை. மற்ற மேசைகளின் குடிக்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். நீளமான மேசையில் முப்பது பாத்திரம் வைத்திருப்பார்கள். அவற்றில் அவர்களுக்கு ஆவது பாஸ்தா, இலைதழை, வெட்டிவைத்த பழம். அதே நேரம் மதிலுக்கு வெளியே, தலைநகர் காஸ்ட்ரீஸின் சந்தையை ஒட்டிய கடைகளில், கொண்டைக்கடலைக் கறி வைத்து மடித்த ரொட்டி கிடைக்கும். ஒப்பந்தக் கூலிகளாக 1859 முதல் அங்கே கொண்டுவரப்பட்ட இந்தியர்கள் விட்டுச்சென்ற உணவு அது. ரஸ்தஃபாரிக் கொள்கையினர் நடத்தும் இட்டல் சாப்பாட்டுக் கடைகளில் மீனும் இறைச்சியும் அண்டாது; கிழங்கும் பருப்பும் கீரையும் தேங்காய்ப்பாலில் கொதித்துக் கிடக்கும். நெருப்பில் சுட்ட சீமைப்பலா கிடைக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாஸ்தா சாப்பிட அவ்வளவு தூரம் பறக்க வேண்டுமா?

பணத்தைவிடப் பெரிய சேதம் மனத்தில் நடக்கிறது. முழுத்தொகையையும் கட்டிவிட்டபின் வெளியே ஒரு தேநீர் குடிப்பதுகூட நஷ்டமாகத் தோன்றும். ‘உள்ளேதான் எல்லாம் இருக்கே, எதுக்கு வெளியே?’ என்று கணவர் கேட்பார். மனைவியிடம் பதில் இருக்காது. மூன்றாம் நாள் சலிப்பு தட்டும். அப்போது வரவேற்புக் கூடத்தில் இருக்கும் சுற்றுலா மேசைக்குப் போவார்கள். வெளியே ஊர் ஓட்டுநரிடம் பேசி முடிக்கக்கூடிய பயணம் அங்கே கூடுதல் விலைக்கு விற்கும்; அதுவும் கூட்டத்தோடு கூட்டமாக, எரிமலையில் அரை மணி, நீர்வீழ்ச்சியில் கால் மணி என்று. திரும்பி வந்து, செயின்ட் லூசியா பார்த்தாயிற்று என்பார்கள். அவர்கள் பார்த்தது ஒரு குளத்தை. அதே குளம், அதே நாற்காலி, அதே பாட்டு ஜமைக்காவிலும் மெக்சிகோவிலும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒரு வாரம் முழுக்க அப்படி ஒரு விடுதியில் இருந்துவிட்டு, தீவின் தலைநகரம் எது என்றுகூடத் தெரியாமல் விமானம் ஏறியது. பிள்ளைகளில் ஒருவன் புவியியல் படிக்கிறவன்.

இதில் தீவு மக்களின் பங்கும் இருக்கிறது. 1990கள் வரை செயின்ட் லூசியாவின் உயிர்நாடி வாழை. பச்சைத் தங்கம் என்றே அதைச் சொல்வார்கள். மலைச்சரிவில் சிறு குடியானவர்கள் பயிரிட்ட வாழைக்கு பிரிட்டன் சந்தையில் சலுகை இருந்தது. அமெரிக்காவும் லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவும் அதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1997இல் ஐரோப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பானது. பெருந்தோட்ட வாழையோடு போட்டியிட முடியாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழையை விட்டன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று வண்டி ஓட்டுகிறார்கள், மலைக்கு வழிகாட்டுகிறார்கள், மீன் வறுத்து விற்கிறார்கள். மதிலுக்குள் ஏழு நாளும் இருப்பவரின் காசு இவர்கள் கைக்குப் போய்ச் சேர்வது அரிது. கடற்கரைகள் எல்லாம் சட்டப்படி பொதுமக்களுக்கு உரியவை. ஆனால் சில கரைகளுக்கு விடுதி நிலத்தைத் தாண்டித்தான் போக முடியும் என்பதால் ஊர்க்காரர்கள் வாயிற்காவலரிடம் சொல்லிவிட்டு நுழைய வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட வாயிலுக்குள் ஒரு வாரம் அடைந்து கிடப்பதை விடுமுறை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊரில் எல்லோரும் போகிறார்கள் என்று பிள்ளையை ஒரே படிப்பில் தள்ளும் பெற்றோரைப் பார்த்திருக்கிறோம். விடுதி விஷயத்திலும் நடப்பது அதுதான். தலைவலி வேண்டாம் என்ற ஆசை, யோசிக்கும் வேலையையே நிறுத்திவிடுகிறது.

என்னைக் கேட்டால் தெற்கே, சூஃப்ரியேரில் தங்குங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் நிறுவிய பழைய ஊர். மரவீடுகள், மாதா கோயில், மீன்படகுகள், கோழி கூவும் காலை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அதன் சதுக்கத்தில் கில்லட்டின் நின்றது. ஊருக்குத் தெற்கே கடலிலிருந்து நேராக எழும் இரண்டு எரிமலைக் குன்றுகள் கிரோ பீட்டன், பெட்டி பீட்டன். 2004இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த இடம். படத்தில் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் ஊரிலேயே தங்கினால் மேகம் விலகும் காலை உங்களுக்குக் கிடைக்கும். வடக்கிலிருந்து பேருந்தில் வருகிறவர்களுக்கு மதிய மூட்டம்தான் கிடைக்கும்.

கிரோ பீட்டன் 800 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். கடல்மட்டத்துக்கு அருகிலிருந்து ஏறுவதாலும் படிகள் உயரமான பாறைகள் என்பதாலும் ஏறி இறங்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். வழிகாட்டி கட்டாயம். பாதை தொடங்கும் ஃபோன் ஜான் லிப்ர் என்ற சிற்றூரின் ஆள்களே வழிகாட்டிகள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி மலைக்குள் ஒளிந்தவர்களின் வழிவந்த ஊர் அது. அவர்களைப் போன்றவர்கள் 1795இல் அருகிலுள்ள ரபோ என்ற இடத்தில் பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷார் பெரும் படையோடு வந்து தீவைத் திரும்பப் பிடித்தார்கள் என்றாலும், அந்த வெற்றியின் கதையை அங்கே பெருமையோடு சொல்வார்கள். பாதி வழியில் பெட்டி பீட்டன் நேரெதிரே தெரியும் திட்டு ஒன்று வரும். மூச்சு வாங்கினால் அங்கேயே திரும்பிவிடலாம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மலையை மறந்துவிட்டு தெத் பால் நடைபாதைக்குப் போகட்டும். ஊர்க்காரர்களே நடத்துவது. முக்கால் மணி நேர மெதுநடையில் அன்னாசியும் மூலிகையும் காட்டி, இரண்டு பீட்டன்களும் ஒருசேரத் தெரியும் முனையில் கொண்டு நிறுத்துவார்கள். மாமனாருக்கும் பேரனுக்கும் பொதுவான பாதை தீவில் இதுதான்.

பக்கத்திலேயே கந்தக ஊற்றுகள். பழைய எரிமலைக் குழியின் ஓரம் வரை கார் போகும். கொதிக்கும் சேறு, வெந்நீராவி, அழுகிய முட்டை நாற்றம். கடைசியாகச் சீறியது 1766இல். கீழே வெந்நீர்க் குளத்தில் சேறு பூசிக் குளிக்கலாம். வெள்ளிக் கொலுசும் மோதிரமும் கருத்துப்போகும், கழற்றி வைத்துவிடுங்கள். கறை போகாது, பழைய துணி கட்டிக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்த வெந்நீரில் இறங்க வேண்டாம். திரும்பும் வழியில் கோக்கோ தோட்டம் ஒன்றில் நில்லுங்கள். கோக்கோக் கட்டியைத் துருவிப் பட்டை, ஜாதிக்காய் போட்டுக் காய்ச்சும் கோக்கோ டீயை அங்கே தவிர எங்கேயும் அப்படிக் குடித்ததில்லை.

தலைநகர் காஸ்ட்ரீஸுக்கு ஒரு நாள் கொடுங்கள், சனிக்கிழமையாக இருந்தால் உத்தமம். மலையிலிருந்து குடியானவர்கள் இறங்கிவரும் சந்தை நாள் அது. பயணக்கப்பல்கள் நிற்கும் நாளில் மட்டும் போகாதீர்கள். நெரிசலில் ஊர் தெரியாது. போவதற்கு ஊர் வேன்களே போதும். எண்பலகை ‘எம்’ எழுத்தில் தொடங்கும். சூஃப்ரியேருக்கு 3டி, வடக்கே கிரோ இலேக்கு 1ஏ. நேர அட்டவணை கிடையாது, ஆள் நிரம்பினால் கிளம்பும். பகலில் குறைவில்லாமல் ஓடும். இருட்டிய பின்பும் ஞாயிறன்றும் நம்பிப் போக வேண்டாம். ஏறும்போது எல்லோருக்கும் பொதுவாகக் காலை வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் ஏறுவது அங்கே மரியாதைக் குறைவு. இன்னொன்று, படைவீரர் உடை போன்ற பச்சைப்புள்ளித் துணியைப் பொதுமக்கள் உடுத்துவது அங்கே சட்டப்படி குற்றம். பிள்ளைகளின் அரைக்கால் சட்டையையும் சேர்த்துப் பார்த்துப் பெட்டி கட்டுங்கள்.

அந்த நகரில் டெரிக் வால்காட் சதுக்கத்தில் சற்று உட்கார வேண்டும். வால்காட், கவிதைக்காக 1992இல் நோபெல் பெற்றவர். பொருளியலுக்கு 1979இல் நோபெல் பெற்ற ஆர்தர் லூயிஸும் இதே தீவில் பிறந்தவர். இருவர் பிறந்ததும் ஜனவரி 23. இவ்வளவு சிறு மக்கள்தொகைக்கு இரண்டு நோபெல். சதுக்கத்தில் நிழல் பரப்பி நிற்கும் சமான் மரம் நம்மூர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரம்தான். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து நமக்கு வந்த மரத்தை அதன் சொந்த வட்டாரத்தில் பார்க்கலாம்.

வெள்ளி இரவுக்கு இரண்டு வழி. வடக்கே கிரோ இலேயில் தெரு முழுக்க ஆட்டம், காது கிழியும் ஒலிபெருக்கி. மேற்கே ஆன்ஸ் லா ரேயில் மீன் சமையல், வயதானவர்களும் உட்கார்ந்து பேசக்கூடிய இரவு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இரண்டாவது. பறவை பிடித்தவர்கள் வனத்துறை வழிகாட்டியோடு மழைக்காட்டுக்குள் போனால் ஜாக்கோ என்று அழைக்கப்படும் பச்சைக்கிளியைப் பார்க்க வாய்ப்புண்டு. அத்தீவில் மட்டுமே வாழும் இனம். 1970களில் ஏறக்குறைய நூறுக்கு இறங்கிவிட்டது. 1979இல் தேசியப் பறவையாக அறிவித்து, பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கிப் பாதுகாத்து மீட்டெடுத்தார்கள்.

நாள் மிச்சமிருந்தால் வடக்கே தெளிந்த நாளில் கண்ணுக்குத் தெரியும் மார்த்தினிக் தீவுக்குக் கப்பலில் போகலாம். பிரான்ஸின் ஆட்சிப்பகுதி, விசா விதி தனி. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். பாஸ்-புவாந்த் பகுதியில் அவர்கள் கட்டிய கோயில் இருக்கிறது. கொலம்போ என்ற பெயரில் அங்கே எல்லா வீட்டிலும் வேகும் குழம்பு, நம் மசாலா.

எதைத் தேர்ந்தாலும் உங்கள் காலையும் வயிற்றையும் சுபாவத்தையும் கேட்டுத் தேருங்கள். நீந்த ஆசை என்றால் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே உங்கள் ஊர்க் குளத்தில் கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள். தீவில் போய் ஒரே நாளில் கற்க முடியாது. மலை ஏற ஆசை என்றால் இன்றிலிருந்து மாடிப்படி ஏறுங்கள். கூட்டம் பிடிக்காத பிள்ளையைக் கூட்டத்துக்கு இழுக்காதீர்கள். டிசம்பரிலிருந்து மே வரை மழை குறைவு, விலை கூடுதல். ஜூனிலிருந்து நவம்பர் வரை மழையும் புயலும், விலை மலிவு. எந்த மாதமானாலும் ஒரு மழை வந்து போகும். அது நிற்கும்வரை கடைத் திண்ணையில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். வேன் நிரம்பக் காத்திருங்கள், மேகம் விலகக் காத்திருங்கள், அவசரப்படுத்தினால் ஊர்க்காரர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். ஒரு நாளுக்கு ஒரு காரியம் போதும். பட்டியல் போட்டு ஓடுகிற குடும்பங்கள் கடைசி நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஏழு இரவு என்றால் நான்கை சூஃப்ரியேரிலும் மூன்றை ரோட்னி பேயிலும் சிறு விருந்தினர் இல்லங்களில் வையுங்கள். தெற்கு முதலில்; விமானம் இறங்குவதும் அங்கேதான். விடுதிக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன் வீட்டில் எல்லோரையும் ஒரு மாலை உட்காரவைத்து, யாருக்கு என்ன செய்ய ஆசை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பாட்டியையும் கேளுங்கள்.